கண்மாயைப் படிக்க வரத்துக்காலில் இருந்து நடங்கள்

சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். எல்லாத் துறை மாணவர்களும் படிக்க வேண்டிய சுற்றுச்சூழல் கல்விப் பாடமும் என் பொறுப்பில் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த அந்த ஆறு மாதப் பாடத்தில் களப்பணிக்கு 5 வகுப்பு நேரம் உண்டு. பக்கத்திலிருக்கும் ஆறு, காடு, மலை, குளம் என்று ஏதாவது ஒன்றை நேரில் பார்த்து எழுத வேண்டும். முதல் வருடம் 42 பேரை ஒரு கண்மாய்க்குக் கூட்டிப் போனேன். கரையில் ஒரு மணி நேரம் நின்றோம், தண்ணீரைப் பார்த்தோம், படம் எடுத்தோம், திரும்பினோம். வந்த 42 அறிக்கைகளில் முப்பதுக்கு மேல் ஆகாயத்தாமரையின் தீமைகள் பற்றிப் பேசின. அந்தக் கண்மாயில் ஆகாயத்தாமரை ஒரு செடிகூடக் கிடையாது.

மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு மணி நேரம் கரையில் நின்றால் எழுத ஒன்றும் இருக்காது, அதனால் இணையத்தில் தேடியிருக்கிறார்கள். நான் காட்ட வேண்டியதைக் காட்டவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் முறையை மாற்றி மாற்றி, இப்போது ஒரு வழிக்கு வந்திருக்கிறேன். அதைத்தான் எழுதுகிறேன். கல்லூரி மாணவர்களுக்கும், பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளை அழைத்துப் போகும் ஆசிரியர்களுக்கும் உதவும். உங்கள் ஊரில் ஏரி என்று சொன்னால் ஏரி என்றே படித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் இப்படிச் சுமார் 39,000 நீர்நிலைகள் இருக்கின்றன. ஒன்றாவது பேருந்து போகும் தூரத்தில் இருக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்மாய் என்பது தண்ணீர் நிற்கும் இடம் மட்டும் என்று நினைத்துக்கொண்டு போனால் பாதியைத் தவறவிடுவோம். மழை விழும் மேட்டு நிலம், அங்கிருந்து தண்ணீர் கொண்டு வரும் வரத்துக்கால், தண்ணீர் தேங்கும் உள்வாய், கரை, வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடை, நிரம்பியதும் மிச்சத் தண்ணீர் வழியும் கலுங்கு, வயல், அப்படி வழியும் மறுகால் போய்ச் சேரும் அடுத்த கண்மாய், இத்தனையும் சேர்ந்ததுதான் கண்மாய். அதனால் தண்ணீர் நடக்கும் வழியில் நாமும் நடக்க வேண்டும், மேலிருந்து கீழாக.

போவதற்கு முன்

சின்னக் கண்மாயாகப் பாருங்கள். ஒரு காலை நேரத்தில் கரையை முழுக்க நடந்து முடிக்க முடிய வேண்டும், அதுதான் அளவு. ஆயக்கட்டு, அதாவது கண்மாயால் பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்குக் குறைவாக இருந்தால் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியத்தின் பராமரிப்பில் இருக்கும், அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறை. யாருடையது என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் கடிதம் எழுதும்போது தேவைப்படும்.

கூகுள் எர்த்தைக் கம்ப்யூட்டரில் திறந்து ஊரைத் தேடுங்கள். பழைய வருடங்களின் படங்களைப் பார்க்கும் வசதி அதில் உண்டு. ஈர மாதம் ஒன்று, வறண்ட மாதம் ஒன்று, பத்து வருடத்துக்கு முந்தையது ஒன்று என்று மூன்று படங்களை அச்செடுங்கள். கரை வில் போல வளைந்து தெரியும். வில்லின் உட்பக்கம் மேடு, வெளிப்பக்கம் வயல். மேட்டுப் பக்கத்திலிருந்து மரங்கள் வரிசையாக வந்து கண்மாயில் முடிகின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் அந்த வரிசைதான் வரத்துக்கால். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் கிராம வரைபடத்தைக் காட்டுவார். அதில் கால்வாய் ஓடும் இடத்தையும் செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதே மாணவர்கள் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். "மேடம், இங்க கால்வாய் இருக்கு, படத்துல வீடு இருக்கே?" என்று போன வருடம் ஒரு பொருளியல் மாணவி கேட்டாள். அந்த வகுப்பில் அதற்கு மேல் நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஊராட்சித் தலைவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரையாவது முன்பே சந்தித்துவிடுங்கள். அறிமுகம் இல்லாமல் நாற்பது பேர் நோட்டோடு கரையில் இறங்கினால், நிலம் எடுக்க வந்திருக்கிறார்களோ என்றுதான் ஊர் நினைக்கும்.

கொண்டு போக வேண்டியவை: 20 மீட்டர் கயிறு (மீட்டருக்கு ஒரு துணி முடிச்சுப் போட்டது), அளவு நாடா, 10 மீட்டர் நீளமுள்ள கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் ட்யூப், எலுமிச்சம்பழம் நான்கு, பெயிண்ட் டப்பா மூடி ஒன்று, கெட்டி அட்டை போட்ட கணக்கு நோட்டு. பைனாகுலர் ஒன்று கிடைத்தாலும் போதும், மாற்றி மாற்றிப் பார்க்கலாம். குடிதண்ணீர், தொப்பி, மூடிய செருப்பு.

தண்ணீரில் யாரும் இறங்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. முன்பெல்லாம் உள்வாய் சரிவாக இருக்கும், முழங்கால், இடுப்பு என்று ஆழம் மெல்லக் கூடும். இப்போது ஜேசிபியால் மண் எடுத்த குழிகள் தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன. ஒரு அடி தள்ளிக் கால் வைத்தால் ஆள் உயரப் பள்ளம். நீச்சல் தெரிந்த பையன்களும் சேற்றில் சிக்கியிருக்கிறார்கள். எல்லா அளவையும் கரையில், மடையில், கலுங்கில் நின்றே எடுக்கலாம்.

வரத்துக்கால்

மூன்றாவது வருடம்தான் முதல் முறையாக மேலிருந்து நடந்தோம். நல்ல மழை பெய்த வருடம் அது. பக்கத்துக் கண்மாய்கள் மறுகால் பாய்ந்தன, எங்கள் கண்மாய் பாதிகூட நிரம்பவில்லை. மாணவர்கள் அறிக்கையில் "மண் மேடிட்டதால் கொள்ளளவு குறைந்துவிட்டது" என்று எழுதத் தயாராக இருந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அன்று வரத்துக்காலில் ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தபோது புதுச் சாலை ஒன்று குறுக்கே வந்தது. சாலைக்கு அடியில் தண்ணீர் போகக் குழாய் பதித்திருந்தார்கள். மேற்குப் பக்கம் கால்வாயில் தண்ணீர் குட்டையாக நின்றது, கிழக்கே கால்வாய் காய்ந்து கிடந்தது. குழாயின் அடிமட்டம் கால்வாயின் தரையைவிட உயரத்தில் இருந்தது. கண்மாய்க்குப் போக வேண்டிய தண்ணீர் ஓரமாக வழிந்து சாலையோரப் பள்ளத்தில் ஓடிவிட்டது.

எவ்வளவு உயரம் என்று அளந்தால்தான் பேச முடியும். அதற்குத்தான் அந்த ட்யூப். வீடு கட்டும்போது கொத்தனார் மட்டம் பார்க்கும் அதே முறை. ட்யூபில் தண்ணீரை நிரப்புங்கள், இரண்டு முனையிலும் ஒரு அடி காலியாக இருக்கட்டும். உள்ளே காற்றுக் குமிழி இருக்கவே கூடாது, இருந்தால் அளவு தவறிவிடும். ட்யூபைச் சுண்டிச் சுண்டிக் குமிழியை வெளியேற்றுங்கள். ஒருவர் கால்வாயின் தரையில் ஒரு கம்பை நட்டு அதில் ஒரு முனையைப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் குழாயின் அடியில் கம்பை ஊன்றி மறுமுனையைப் பிடிக்க வேண்டும். தண்ணீர் அசையாமல் நின்றதும் இரண்டு கம்பிலும் நீர்மட்டத்தைக் குறியுங்கள். அங்கே தரையிலிருந்து குறிக்கு 118 செ.மீ., இங்கே 86 செ.மீ. ஆக, குழாய் 32 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. இரண்டு பேரும் பத்து ரூபாய் செலவில்லாமல் அளந்துவிட்டார்கள். யார் கேட்டாலும் திரும்ப அளந்து காட்டலாம்.

வரத்துக்காலில் நடக்கும்போது ஐம்பது மீட்டருக்கு ஒரு முறை நின்று அகலம், ஆழம், அடைப்பு மூன்றையும் எழுதுங்கள். அடைப்பு என்றால் என்ன அடைப்பு? சீமைக்கருவேலா, கட்டட இடிபாடா, கோழிக்கழிவா, வேலியா? போனில் ஜிபிஎஸ் புள்ளியோடு படம் எடுங்கள். ஒரு வீடோ தோட்டமோ கால்வாயை மறித்திருந்தால் இடத்தை மட்டும் எழுதுங்கள், ஆளின் பெயர் வேண்டாம். நாம் அளக்க வந்தவர்கள், தீர்ப்புச் சொல்ல வரவில்லை. மேலும் அந்த வீட்டுப் பிள்ளை உங்கள் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கலாம். எனக்கு அப்படி நடந்திருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகையில் போனால் கால்வாயில் ஓட்டம் இருக்கும், அப்போது எலுமிச்சம்பழம். நேராக உள்ள 10 மீட்டர் நீளத்தை அளந்து, மேல் முனையில் பழத்தைப் போட்டு, கீழ் முனைக்கு வர எத்தனை விநாடி என்று பாருங்கள். தக்கை, தெர்மாகோல் வேண்டாம், அவற்றைக் காற்று தள்ளிவிடும். எலுமிச்சை பாதி முங்கி மிதப்பதால் தண்ணீரோடு போகும். நான்கு முறை போட்டுச் சராசரி எடுங்கள். 20 விநாடி ஆனால் வேகம் விநாடிக்கு 0.5 மீட்டர். மேல்பரப்பில் ஓட்டம் கொஞ்சம் வேகமாக இருக்கும் என்பதால் 0.85ஆல் பெருக்க வேண்டும். கால்வாய் 1.5 மீட்டர் அகலம், சராசரி 0.3 மீட்டர் ஆழம் என்றால், விநாடிக்கு ஏறக்குறைய 190 லிட்டர். மணிக்கு 6.8 லட்சம் லிட்டருக்கு மேல் வரும். வணிகவியல் மாணவர்கள்கூட இந்தக் கணக்கை ஆசையாகப் போடுகிறார்கள்.

மழையும் வெயிலும்

மழைமானி வாங்க வேண்டாம். மேலிருந்து கீழ் வரை ஒரே அகலமுள்ள பாட்டிலின் கழுத்தை அறுத்து, புனல் போலத் தலைகீழாக அதிலேயே செருகுங்கள். அடிப்பகுதி நெளிவாக இருக்கும், அந்த நெளிவு மறையும் வரை கூழாங்கல் போட்டுத் தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைச் சுழியம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஊரில் ஒரு பள்ளிப் பிள்ளை வீட்டு மாடியில் வைத்தால் தினமும் காலை எட்டரைக்குப் பார்த்து எழுதிவிடும். எங்கள் நோட்டில் இரண்டு பருவமழையின் கணக்கை எழுதியது ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையன்.

1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் 1 லிட்டர், ஒரு ஹெக்டேரில் 10,000 லிட்டர். நீர்ப்பிடிப்பு 200 ஹெக்டேர், ஒரு நாளில் 50 மி.மீ. மழை பெய்தது என்றால் விழுந்தது 10 கோடி லிட்டர். இதில் மண் குடித்தது போக எவ்வளவு கண்மாய்க்கு வந்தது என்று கலுங்குக் கல்லில் மட்டத்தைப் பார்த்து ஒப்பிடுங்கள். முதல் மழையில் அனேகமாக எதுவும் வராது, காய்ந்த மண் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும். அடைமழையின் மூன்றாவது நாள் மட்டம் எகிறும். இதைப் பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் படித்துவிட்டுப் போகலாம்தான், நோட்டில் தேதியோடு பார்க்கும்போது கிடைக்கும் தெளிவு வேறு.

ஆவியாவதை அளக்க ஓர் அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, குருவி குடிக்காமல் மேலே வலை போட்டு, உள்ளே ஸ்கேல் ஒட்டி வெயிலில் வையுங்கள். பங்குனியில் ஒரு நாளில் 8 மி.மீ. குறைந்ததாக எங்கள் பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள். பாத்திரம் சூடாவதால் கண்மாயைவிட அதிகம் இழக்கும், அதனால் 0.7ஆல் பெருக்குவது வழக்கம். 5.6 மி.மீ. வருகிறது. 30 ஹெக்டேர் நீர்ப்பரப்பில் ஒரு நாளைக்கு 16.8 லட்சம் லிட்டர் வானத்துக்குப் போகிறது. ஆழம் குறைந்து பரப்பு மட்டும் விரிந்த கண்மாய் ஏன் சீக்கிரம் வற்றுகிறது என்று இதற்குப் பிறகு கேட்டுப் பாருங்கள், மாணவர்களே சொல்வார்கள்.

கரையும் உள்வாயும்

கரையில் மடைகளை எண்ணுங்கள். மேமடை, நடுமடை, பள்ளமடை என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் இருக்கும், உயரமும் வேறு வேறாக இருக்கும். மேமடையில் தண்ணீர் ஏறாத வருடம் அதன் கீழ் உள்ள வயலுக்கு முதலில் வறட்சி. பள்ளமடைதான் கடைசி வரை ஓடும். பழைய கல்மடை இருந்தால் தூண்களின் உட்பக்கம் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சுண்ணாம்போ மாவோ பூசக் கூடாது, சாய்வான வெளிச்சத்தில் படம் மட்டும் எடுங்கள்.

கொள்ளளவுக்கு நீளமான கணக்கு வேண்டாம். நீர்ப்பரப்பை கூகுள் எர்த்தில் கோடு போட்டு அளக்கலாம். கண்மாய் வற்றியிருக்கும் மாதத்தில் கலுங்கு மட்டத்திலிருந்து அதே ட்யூபை நகர்த்தி நகர்த்தி உள்வாயின் பத்துப் பதினைந்து இடங்களில் ஆழம் பாருங்கள். பரப்பு 30 ஹெக்டேர், சராசரி ஆழம் 1.2 மீட்டர் என்றால் 3.6 லட்சம் கன மீட்டர், அதாவது 36 கோடி லிட்டர். செய்தித்தாள் பேச்சில் ஏறக்குறைய 12.7 மில்லியன் கன அடி.

செடிகளுக்கு அந்த முடிச்சுக் கயிறு. நீர் விளிம்பிலிருந்து மேட்டை நோக்கி நேராக இழுத்து, ஒவ்வொரு முடிச்சிலும் என்ன முளைத்திருக்கிறது என்று எழுதுங்கள். தண்ணீரில் அல்லியும் வேலம்பாசியும், விளிம்பில் சம்பும் கோரையும், ஈரம் தங்கும் இடத்தில் பொடுதலை, நீர்முள்ளி, அதற்கு மேல் அறுகு, பிறகு கருவேல். பெயர் தெரியாத செடியை "செடி அ", "செடி ஆ" என்று எழுதிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆடு மேய்க்கும் அம்மாவிடம் காட்டினால் பாதிக்குப் பெயர் வந்துவிடும். ஆடு எதைத் தின்னும், எதைத் தொடாது என்பதும் சேர்ந்து வரும். மூன்று மாதம் கழித்து அதே இடத்தில் அதே கயிறை இழுங்கள். தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்கச் செடிகள் இறங்கி வருவதைப் பார்ப்பதற்காகவே நான் மாசியில் ஒரு முறை தனியாகப் போவதுண்டு.

சீமைக்கருவேல் பற்றி அவசரப்பட்டு "உடனே அகற்ற வேண்டும்" என்று எழுதிவிடாதீர்கள். அது வெளிநாட்டு மரம், வரத்துக்காலையும் உள்வாயையும் அடைக்கிறது, அகற்ற வேண்டிய இடங்கள் நிறைய இருக்கின்றன, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எங்கள் பக்கத்திலும் ராமநாதபுரத்திலும் எத்தனையோ குடும்பங்கள் அந்த மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் வருடத்தை ஓட்டுகின்றன. அவர்களிடம் பேசிவிட்டு எழுதுங்கள். நாட்டுக்கருவேலையும் சீமைக்கருவேலையும் பிரித்துப் பார்க்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். நாட்டுக்கருவேலின் காய் மணி கோத்த மாலை மாதிரி விதைக்கு விதை இடுங்கியிருக்கும், பூ உருண்டையாக இருக்கும். சீமைக்கருவேலின் பூ நீளக் கதிர். தண்ணீருக்குள் நிற்கும் நாட்டுக்கருவேலில்தான் நாரைகள் கூடு கட்டுகின்றன. எல்லாம் முள்தானே என்று வெட்டினால் கூடும் போய்விடும்.

பறவைகள்

காலை ஆறரைக்குக் கரையில் இருக்க வேண்டும். இடத்தைப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு இடத்திலும் 15 நிமிடம். கூட்டமாக இருந்தால் முதலில் பத்துப் பறவை எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணுக்குப் பழக்கிவிட்டு, அந்தப் பத்துகளை எண்ணுங்கள்.

பெயர்ப் பட்டியல் மட்டும் எடுத்தால் எனக்குத் திருப்தி வராது. ஒவ்வொரு பறவையும் எவ்வளவு தண்ணீரில் நின்றது என்பதையும் எழுதச் சொல்வேன். நெடுங்கால் உள்ளான் கணுக்கால் அளவுத் தண்ணீரில் நிற்கும். மடையான் விளிம்பில் அசையாமல் காத்திருக்கும். நத்தைகுத்தி நாரை சேற்றில் நத்தையைத் துழாவும். இலைக்கோழிக்கு மிதக்கும் இலை வேண்டும். நாமக்கோழி பாசியுள்ள இடத்தில், முக்குளிப்பானும் நீர்க்காகமும் ஆழத்தில். அதாவது பறவைப் பட்டியல் என்பது ஆழங்களின் பட்டியல். ஒரு கண்மாயை ஆழப்படுத்துகிறோம் என்று ஓரம் முழுக்கச் செங்குத்தாகத் தோண்டிவிட்டால் நீர்க்காகம் மட்டும் மிஞ்சும், உள்ளானும் மடையானும் நிற்க இடமில்லை. எங்கள் நோட்டில் தூர்வாருவதற்கு முன் இருந்த வருடம் 31 வகை, அடுத்த வருடம் 19 வகை. ஒரு கண்மாயின், இரண்டு வருடக் கணக்கு இது. இதிலிருந்து பெரிய முடிவு எடுக்கக் கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்கிறேன். அடுத்த வருடமும் எண்ணினால்தான் தெரியும்.

ஜனவரியில் போனால் வலசை வந்த வாத்துகளும் இருக்கும். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் உங்கள் எண்ணிக்கையையும் சேர்க்கலாம், போனில் இபேர்ட் செயலி இருந்தால் போதும். எங்கள் மாவட்டக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிக்கு ஒரு முறை போய் வாருங்கள். கண்மாயில் கூடு கட்டும் பறவைகள் பயந்துவிடும் என்று கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சரணாலய அறிவிப்புப் பலகையைப் படிப்பதைவிட அந்த ஊர்க் குழந்தைகளிடம் பேசினால் நிறையத் தெரியும்.

தண்ணீர்ச் சோதனை

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று பார்க்க, பெயிண்ட் மூடியை 20 செ.மீ. வட்டமாக்கி, நான்காகப் பிரித்துக் கறுப்பு வெள்ளை மாற்றி அடித்து, நடுவில் கயிறும் அடியில் கல்லும் கட்டுங்கள். மடை மேடையில் நின்று நிழலில் இறக்குங்கள். மறையும் ஆழத்தையும், திரும்ப மேலே இழுக்கும்போது தெரியும் ஆழத்தையும் கூட்டி இரண்டால் வகுங்கள். வெப்பநிலை, பி.எச். தாள், அவ்வளவு போதும். கல்லூரி ஆய்வகத்தில் கரைந்த ஆக்சிஜன் பார்க்கும் வசதி இருந்தால் விடியற்காலை ஒரு பாட்டில், மதியம் இரண்டு மணிக்கு ஒரு பாட்டில் எடுங்கள், வேதிப்பொருளை அங்கேயே சேர்த்துவிடுங்கள். பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை ஏற்றும், இரவில் எல்லாமே மூச்சுவிட்டுக் குறைக்கும். பாசி மண்டிய கண்மாயில் மீன் ஏன் விடியும் நேரத்தில் வாயைப் பிளந்து மேலே வருகிறது என்பது இந்த இரண்டு பாட்டிலில் தெரிந்துவிடும்.

ஊர்க்காரர்களிடம் கேட்பது

களப்பணியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மாணவர்கள் அதிகம் தடுமாறுவதும் இங்கேதான். கேள்வித்தாளை நீட்டி "கண்மாயினால் தங்களுக்கு என்ன பயன்?" என்று கேட்டால் "நல்ல பயன்மா" என்பார்கள். அதோடு முடிந்தது.

பொருளைக் காட்டிக் கேளுங்கள். கலுங்கில் உட்கார்ந்து, "ஐயா, இந்தக் கல்லுக்கு மேல தண்ணி போனதைக் கடைசியா எப்பப் பார்த்தீங்க?" என்று கேட்டால் கதை வரும். மடையைத் திறந்து வயல் வயலாகத் தண்ணீர் விடும் நீர்ப்பாய்ச்சி இன்னும் உங்கள் ஊரில் இருந்தால் அவரோடு ஒரு நாள் நடங்கள். எங்கள் கண்மாயில் ஒருவர் இருந்தார். அறுவடையில் வயலுக்கு இவ்வளவு நெல் என்று அவருக்கு ஊர் அளக்கும். கடைசி ஆள் வயல் வரைக்கும் பாய்ந்தால்தான் மடையை அடைப்பேன் என்றார். "பள்ளத்துக்காரன் அவசரப்பட மாட்டான் தாயி, மேட்டுக்காரன்தான் நடு ராத்திரி மம்பட்டியோட வருவான்" என்று அவர் சொன்னதை ஒரு மாணவி அப்படியே நோட்டில் எழுதியிருக்கிறாள். நீர்ப்பங்கீடு என்ற தலைப்பில் நான் நடத்திய இரண்டு வகுப்பைவிட அந்த வரி அவர்களுக்கு நன்றாகப் புரிந்தது.

அப்புறம் மீன்பிடித் திருவிழா. கோடையில் தண்ணீர் வற்றும்போது ஊர் கூடி ஊத்தாவும் (மீனைக் கவிழ்த்துப் பிடிக்கும் கூடை) வலையுமாக இறங்கும் நாள். எந்தெந்த வருடம் நடந்தது, எந்த மாதம், என்னென்ன மீன் கிடைத்தது என்று கேளுங்கள். மழைக்கணக்கு மறந்தவர்களும் இதை மறப்பதில்லை. பேரன் பிறந்த வருடம் நடந்தது, கொரோனாவில் நடக்கவில்லை என்று கோத்துக் கோத்துச் சொல்வார்கள். சித்திரையில் நடந்தால் தண்ணீர் அதுவரை நின்றிருக்கிறது, மாசியிலேயே நடந்தால் சீக்கிரம் வற்றியிருக்கிறது. விராலும் கெளுத்தியும் அயிரையும் போய் ஜிலேபி மீன் மட்டும் கிடைப்பது எப்போதிலிருந்து என்றும் கேளுங்கள். நான்கைந்து பேரிடம் தனித்தனியாகக் கேட்டு ஒத்துப்போவதை மட்டும் எடுத்துக்கொண்டால், எந்த அலுவலகத்திலும் கிடைக்காத இருபது வருடத் தண்ணீர் வரலாறு உங்கள் கையில்.

பெண்களிடம் தனியாகப் பேச மாணவிகளை அனுப்புங்கள். கரையில் நிற்கும் ஆண்கள் வயலைப் பற்றிச் சொல்வார்கள். கண்மாய் நிரம்பினால் எந்த வீட்டுக் கிணறு ஊறும், எந்த மாதம் வரை உப்புத் தட்டாது என்பது பெண்களுக்குத்தான் தெரியும்.

நோட்டு

எல்லாவற்றையும் மூன்று பத்தியாக எழுதச் சொல்கிறேன்: பார்த்தது, கேட்டது, நினைத்தது. "கால்வாய் காய்ந்திருந்தது" முதல் பத்தி. "சாலை போட்ட பிறகுதான் இப்படி என்றார்" இரண்டாவது. "குழாய் உயரமாக இருப்பது காரணமாக இருக்கலாம்" மூன்றாவது. ட்யூபை வைத்து அளந்த பிறகு அதில் ஒரு பகுதி மூன்றாவதிலிருந்து முதலாவதுக்கு வரும். அறிக்கையை மதிப்பிடும்போது நான் பார்ப்பது இந்த நகர்வைத்தான். ஆகாயத்தாமரை திரும்ப வராததற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன், பார்க்காததை முதல் பத்தியில் எழுதப் பிள்ளைகளுக்குக் கை வருவதில்லை.

ஒரு பருவத்தில் ஒரு பேட்ச் பார்க்கக்கூடியது கொஞ்சம்தான். ஆவணியில் காய்ந்ததைப் பார்த்தவர்கள் தையில் நிரம்பியதைப் பார்க்க மாட்டார்கள். அதனால் கண்மாய்க்கு ஒரே நோட்டு, பேட்ச் மாறினாலும் நோட்டு மாறாது. அடுத்த பேட்ச் முந்தையவர்களின் பக்கங்களைப் படித்துவிட்டுத்தான் களத்துக்கு வர வேண்டும்.

அறிக்கையின் ஒரு பிரதி ஊருக்குப் போக வேண்டும். வரைபடம் ஒரு பக்கம், எண்கள் ஒரு பக்கம், அவ்வளவு போதும். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்று கிராமசபை கூடும், அன்றைக்குத் தலைவரிடம் முன்பே சொல்லிவைத்து வாசியுங்கள். நாங்கள் சாலைக் குழாயின் 32 செ.மீ. கணக்கை அப்படித்தான் வாசித்தோம். கூட்டத்தில் ஒருவர் எழுந்து, அளவு சரிதானா என்று கேட்டார். அடுத்த நாள் காலை அவரையே ட்யூபின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னோம். தீர்மானம் போட்டார்கள், துறைக்குக் கடிதம் போனது, இரண்டு முறை நினைவூட்டலும் போனது. குழாய் இன்னும் அதே உயரத்தில்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு வருடமாக ஐப்பசி பிறந்ததும் ஊர் இளைஞர்கள் மணல் மூட்டை அடுக்கி, ஓரத்தில் வழியும் தண்ணீரை மறித்துக் குழாய்க்குள் ஏற்றிவிடுகிறார்கள். போன தையில் கலுங்குக் கல்லில் ஒரு சாண் மட்டும் பாக்கி.

வரும் ஆடியில் புதுப் பேட்ச் வருகிறது. நோட்டில் 87ஆம் பக்கம் வரை எழுதியாகிவிட்டது. மூடிய செருப்போடு காலை ஆறு மணிக்குக் கல்லூரி வாசலில் நிற்கச் சொல்லியிருக்கிறேன், ட்யூபை நான் கொண்டு வருகிறேன்.